இரண்டு கால்களும் போன பிறகும் விமானம் ஓட்டியவர்: டக்ளஸ் பாடரை 2,905 நாள் தரையில் வைத்தது எது?

விழிஞ்ஞம், கோவளம் பக்கம் போயிருக்கிறீர்களா? திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கப் போகும் விமானங்கள் கடலோரமாகத் தாழப் பறந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்கும் அதுதான் கிட்டத்தில் இருக்கும் விமான நிலையம். அதனால் அந்த விமானங்களில் நீங்களே உட்கார்ந்து வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

இப்போது ஒரு கேள்வி. அந்த விமானத்தின் விமானிக்கு இரண்டு கால்களுமே செயற்கைக் கால்கள் என்று தெரிந்தால், நீங்கள் ஏறுவீர்களா?

பதிலை உடனே சொல்ல வேண்டாம். 1930-களில் பிரிட்டன் விமானப்படை இதே கேள்வியை எதிர்கொண்டது. ஒரு இளைஞரைப் பரிசோதித்தார்கள். நன்றாகவே ஓட்டுகிறார் என்று கண்டார்கள். அதற்குப் பிறகும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறரை வருஷம் கழித்து அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள்.

அவர் பெயர் டக்ளஸ் பாடர். விபத்து நடந்தது 1931 டிசம்பர் 14. விமானப்படை விமானத்தை மறுபடியும் தனியாக ஓட்டியது 1939 நவம்பர் 27. இடையில் 2,905 நாட்கள். அதில் அவருடைய உடம்பு எடுத்துக்கொண்டது எத்தனை நாள், விதிமுறைப் புத்தகம் எடுத்துக்கொண்டது எத்தனை நாள் என்று பிரித்துப் பார்த்தால் இந்தக் கதை புரியும்.

யார் இந்த டக்ளஸ் பாடர்?

1910 பிப்ரவரி 21-ம் தேதி லண்டனில் பிறந்தவர். அப்பா ஃப்ரெடரிக் பாடர் சிவில் இன்ஜினியர், வேலை இந்தியாவில். குழந்தையை உறவினர்களிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார்கள். இரண்டு வயதில் டக்ளஸும் இங்கே வந்து சேர்ந்தார். சுமார் ஒரு வருஷம் இந்தியாவில் இருந்திருக்கிறார். 1913-ல் குடும்பமே இங்கிலாந்துக்குத் திரும்பியது.

முதல் உலகப் போரில் அப்பாவுக்குக் குண்டுச் சிதறல் பட்டது. அந்தக் காயத்தின் பின்விளைவால் 1922-ல் இறந்துபோனார். அப்போது டக்ளஸுக்கு 12 வயது. அம்மா ஒரு பாதிரியாரை மறுமணம் செய்துகொண்டார். பையன் படிப்பில் சுமார், விளையாட்டில் சூரன். ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் எட்வர்ட்ஸ் பள்ளி. அப்புறம் 1928-ல் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரி.

1930-ல் அதிகாரியாகி, கென்லியில் இருந்த 23-வது ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். விமான சாகசத்தில் பெயர் வாங்கினார். ரக்பியில் ஹார்லெக்வின்ஸ் அணிக்கு ஆடினார். இங்கிலாந்து அணிக்கே தேர்வாவார் என்று பேச்சு இருந்தது. வயது 21.

அந்த ஒரு நாளில் என்ன நடந்தது?

1931 டிசம்பர் 14. ரெடிங் நகரத்துக்குப் பக்கத்தில் வுட்லி என்று ஒரு சின்ன விமானத் தளம். அங்கே பிரிஸ்டல் புல்டாக் என்ற இரட்டை இறக்கைப் போர் விமானத்தில், தரைக்கு மிக நெருக்கமாக ஒரு உருளல் சாகசம் செய்தார். இடது இறக்கையின் நுனி தரையில் உரசியது. அவ்வளவுதான், விமானம் நொறுங்கிவிட்டது.

ராயல் பெர்க்‌ஷையர் மருத்துவமனையில் லியோனார்டு ஜாய்ஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் அவர் உயிரைக் காப்பாற்றினார். ஆனால் கால்களைக் காப்பாற்ற முடியவில்லை. வலது கால் முழங்காலுக்கு மேலே எடுக்கப்பட்டது. இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது.

இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். முழங்கால் மூட்டு இருந்தால் காலை மடக்கலாம், நீட்டலாம், தள்ளலாம். மூட்டே போய்விட்டால் இடுப்பை வைத்துத்தான் எல்லாம். பாடருக்கு இடது பக்கம் மூட்டு இருந்தது. வலது பக்கம் இல்லை.

விபத்துக்கு அவர் யாரையும் குறை சொல்லவில்லை. தன் விமானப் பதிவேட்டில், தரைக்குப் பக்கத்தில் உருண்டபோது விழுந்ததாகவும் அது மோசமான ஆட்டம் என்றும் சில சொற்களில் எழுதி முடித்துக்கொண்டார்.

கால் எங்கிருந்து வந்தது?

விமானத் தொழிலில் இருந்தே வந்தது. 1913-ல் மார்செல் டெசூட்டர் என்ற விமானி ஒரு விபத்தில் ஒரு காலை இழந்தார். அப்போது மரக்கால்தான் வழக்கம். கனமோ கனம். அவருடைய சகோதரர் சார்லஸ், விமானம் கட்டப் பயன்படும் டியூராலுமின் என்ற லேசான அலுமினியக் கலவையில் ஒரு கால் செய்து கொடுத்தார். மார்செல் மறுபடியும் பறந்தார். சகோதரர்கள் அதையே தொழிலாக்கினார்கள். 1932-ல் பாடருக்குக் கால் செய்து கொடுத்தது அந்த டெசூட்டர் நிறுவனம்தான்.

தமிழ் வாசகர்களுக்கு இதே மாதிரி இன்னொரு கதை தெரிந்திருக்கும். திருவனந்தபுரத்தில் ராக்கெட் வேலையில் பல வருஷம் இருந்த அப்துல் கலாம், பிறகு ஹைதராபாத்தில் ஏவுகணைக்குப் பயன்படுத்திய லேசான கலப்புப் பொருளைக் கொண்டு போலியோ பாதித்த குழந்தைகளுக்கு நடைத் தாங்கி செய்ய வைத்தார். 3 கிலோவுக்கு மேல் இருந்த தாங்கி சுமார் 300 கிராமுக்கு வந்தது. வானத்துக்குப் போக எடையைக் குறைக்கத் தெரிந்தவர்களுக்கு, நடக்கிறவர்களின் எடையையும் குறைக்கத் தெரிந்திருக்கிறது.

பாடர் ஊன்றுகோலைத் தொட மறுத்தார். விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். சில மாதங்களில் நடந்தார். பெடல்களின் இடத்தை மாற்றி அமைத்த காரை ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், நடனமும் ஆடினார். சர்ரேயில் ஒரு தேநீர்க் கடையில் தெல்மா எட்வர்ட்ஸைச் சந்தித்தார். 1933 அக்டோபரில் இருவருக்கும் திருமணம் ஆச்சு.

உடம்பு தயார், சட்டம் தயாரா?

1932 ஜூனில், அதாவது விபத்து நடந்து சுமார் அரை வருஷத்தில், விமானத்துறை துணை அமைச்சராக இருந்த பிலிப் சசூன் ஒரு ஏற்பாடு செய்தார். ஆவ்ரோ 504 என்ற பயிற்சி விமானத்தில் பாடரை ஏற்றிவிட்டார். பாடர் குறையில்லாமல் ஓட்டினார். மருத்துவப் பரிசோதனையிலும் தேறினார்.

ஆனால் 1933 ஏப்ரலில் முடிவு தலைகீழானது. இரண்டு கால்களும் இல்லாத ஒருவர் விமானியாக இருக்கலாம் என்று அரச விதிமுறைப் புத்தகத்தில் எங்கும் எழுதவில்லை, அதனால் அனுமதிக்க முடியாது என்றார்கள். கூடாது என்று ஒரு விதி இருந்ததா? அதுவும் இல்லை. இப்படி ஒருவர் வருவார் என்று யாரும் நினைத்தே பார்க்கவில்லை. விதி இல்லாத இடத்தை மறுப்பு நிரப்பிக்கொண்டது.

அரசு அலுவலகத்தில் ஏதாவது ஒரு மனுவோடு அலைந்த அனுபவம் இருந்தால், இந்தப் பதில் உங்களுக்குப் புதுசாக இருக்காது.

1933 மே மாதம் ஓய்வூதியத்தோடு பாடரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பின்னாளில் ஷெல் என்று அறியப்பட்ட எண்ணெய் நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ஏஷியாட்டிக் பெட்ரோலியத்தில் மேஜை வேலை. விமான எரிபொருள் பிரிவு. தினமும் விமானத்தைப் பற்றிய காகிதங்களைப் பார்க்கலாம், ஆனால் விமானத்தை ஓட்ட முடியாது.

கணக்கைப் பாருங்கள். மறுபடி பறக்க அவர் உடம்புக்குத் தேவைப்பட்டது சுமார் அரை வருஷம். மீதி ஏழு வருஷத்துக்கு மேல் போனது ஃபைலுக்கு.

கால் இல்லாமல் விமானத்தை எப்படி ஓட்டுவது?

இதைப் புரிந்துகொள்ள விமானத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். சிறு விமானத்தில் கைக்கு ஒரு ஸ்டிக் அல்லது ஸ்டியரிங் இருக்கும். மூக்கை ஏற்றி இறக்குவது, பக்கவாட்டில் சாய்ப்பது இரண்டும் அதில்தான். இன்னொரு கைக்கு இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில். காலுக்கு இரண்டு பெடல்கள். விழிஞ்ஞத்து மீனவர்களுக்கு இதை ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: சுக்கான். வாலில் இருக்கும் அந்தச் சுக்கானை இடது, வலது என்று திருப்புவது கால்கள்தான்.

இந்தப் பெடலுக்குத் தேவை முன்னும் பின்னும் தள்ளும் பலம். கணுக்கால் நுணுக்கம் பெரிதாகத் தேவையில்லை. தொடை பலமாக இருந்து, செயற்கைக் கால் சரியாகப் பெடலில் நின்றால், பழகிக்கொள்ளலாம். பாடர் அப்படித்தான் செய்தார்.

சிக்கல் பிரேக்கில் வருகிறது. தரையில் உருளும்போது நிறுத்தவும் திருப்பவும் பிரேக் வேண்டும். இன்றைய பல சிறு விமானங்களில் பிரேக், பெடலின் மேல் பகுதியில் இருக்கும். நுனிக்காலால் மிதிக்க வேண்டும். அதற்குக் கணுக்கால் வேண்டும். பாடரிடம் இல்லாதது அதுதான்.

ஆனால் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போன்ற அக்கால பிரிட்டிஷ் போர் விமானங்களில் பிரேக், ஸ்டிக்கிலேயே ஒரு லீவராக இருந்தது. கிட்டத்தட்ட சைக்கிள் பிரேக் மாதிரி. கையால் அழுத்தினால் போதும். கால் இல்லாதவர்களுக்காக அப்படிச் செய்யவில்லை, அந்த ஊர் வடிவமைப்பு வழக்கம் அது. இருந்தாலும் பாடருக்கு அது வரமாக அமைந்தது. அதே காலத்து அமெரிக்க விமானங்கள் பலவற்றில் பிரேக் காலில்தான்.

பாடருக்குக் கால் இல்லாதது எல்லா விமானத்திலும் ஒரே அளவு தடை இல்லை. ஒரு இயந்திரத்தில் அது பெரிய தடை. பக்கத்தில் நிற்கும் இன்னொரு இயந்திரத்தில் அது ஒரு விஷயமே இல்லை. இன்றைய சட்டம், உரிமை எல்லாம் பேசும்போதும் மையமான விஷயம் இதுதான்.

1939-ல் கதவு எப்படித் திறந்தது?

1939 செப்டம்பரில் போர் தொடங்கியது. விமானிகள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். கிரான்வெல்லில் பாடரின் தலைவராக இருந்த ஹலஹன், அவரைச் சோதித்துப் பார்க்கும்படி உப்பேவனில் இருந்த மத்திய விமானப் பயிற்சிப் பள்ளிக்குப் பரிந்துரைத்தார். அக்டோபரில் அழைப்பு வந்தது.

சோதனைக்குக் கொடுத்தது ஹார்வர்டு என்ற அமெரிக்க விமானம். அதில் பிரேக் காலில். சோதித்தவர் பழைய கிரான்வெல் தோழர். இவர் ஓட்டப்போகும் போர் விமானங்களில் கால் பிரேக்கே கிடையாது என்பது அவருக்குத் தெரியும். பிரேக்கைத் தானே பார்த்துக்கொண்டு, மற்றதை ஓட்டச் சொன்னார். பாடர் தேறினார்.

இதை நீங்கள் சலுகை என்பீர்களா? உண்மையில் சோதனை அன்றைக்குத்தான் சரியான கேள்வியைக் கேட்டது. கால் இருக்கிறதா என்று கேட்கவில்லை. செய்ய வேண்டிய வேலையை இவரால் செய்ய முடியுமா என்று கேட்டது.

நவம்பர் 27-ம் தேதி ஆவ்ரோ டியூட்டர் விமானத்தில் தனியாக ஏறினார். சுமார் 600 அடி உயரத்தில் விமானத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். ஆள் மாறவே இல்லை!

621 நாட்கள்

1940 தொடக்கத்தில் டக்ஸ்ஃபோர்டில் 19-வது ஸ்குவாட்ரன், ஸ்பிட்ஃபயர். அடுத்து 222-வது ஸ்குவாட்ரன். ஒரு முறை இன்ஜின் விசிறி அமைப்பைத் தவறாக வைத்து மேலெழும்ப முயன்று விமானத்தை நொறுக்கினார். செயற்கைக் கால்கள் வளைந்து நசுங்கின. ஆளுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நிஜக் காலாக இருந்திருந்தால் கதை வேறு.

1940 ஜூனில் 242-வது ஸ்குவாட்ரனின் தலைவரானார். கனடாக்காரர்கள் நிறைந்த அந்தப் படை, பிரான்ஸில் பெரிய இழப்பைச் சந்தித்துச் சோர்ந்து கிடந்தது. கால் இல்லாத ஒருவர் தலைவராக வந்ததும் அவர்களுக்குச் சந்தேகம். பாடர் பேசவில்லை. ஒரு ஹரிக்கேனில் ஏறி, அவர்கள் கண்முன் அரை மணி நேரம் போல சாகசம் காட்டி இறங்கினார். அப்புறம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

வேகமாகத் திரும்பும்போது விமானியின் ரத்தம் கால் பக்கம் இறங்கும், கண் இருட்டும். தனக்குக் கால் இல்லாததால் ரத்தம் இறங்க இடம் குறைவு, அதனால் மற்றவர்களைவிட அதிகம் தாங்க முடிகிறது என்று பாடர் நம்பினார்.

1941 ஆகஸ்ட் 9-ம் தேதி வடக்கு பிரான்ஸ் வானத்தில் அவர் விமானம் வால் பகுதியை இழந்தது. குதிக்கப் பார்த்தால் செயற்கைக் கால் ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டது. பாராசூட் விரிந்த இழுப்பில் காலின் வார் அறுந்தது, பாடர் தப்பினார். கால் விமானத்தோடு போனது. அவரை வீழ்த்தியது ஜெர்மானியரா, தவறுதலாக சுட்ட சொந்தப் படையினரா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

மீண்டும் தனியாகப் பறந்த நாளிலிருந்து அன்று வரை எண்ணினால் 621 நாட்கள். அதற்குள் 22 எதிரி விமானங்கள் அவர் கணக்கில் எழுதப்பட்டிருந்தன.

பிறகு நடந்தது சினிமா மாதிரி. ஜெர்மன் விமானப்படை பிரிட்டனுக்குத் தகவல் கொடுத்து, மாற்றுக் கால் கொண்டுவர வழிவிட்டது. பிரிட்டிஷ் விமானம் ஒன்று ஆகஸ்ட் 19-ம் தேதி செயின்ட் ஓமர் பக்கம் பாராசூட்டில் ஒரு காலைப் போட்டுவிட்டுப் போனது. பாடர் நன்றி பாராட்டும் ரகம் இல்லை. மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளை முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியே இறங்கித் தப்பினார், பிடிபட்டார். திரும்பத் திரும்ப முயன்றதில் காலையே பிடுங்கி வைத்துக்கொள்வோம் என்று காவலர்கள் மிரட்ட வேண்டியதாயிற்று. கடைசியில் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறை. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்துதான் விடுதலை.

போருக்குப் பிறகு: சிறு விமானமும் பெரிய பயணங்களும்

பாடர் என்றால் போரை மட்டும்தான் பேசுவார்கள். ஆனால் எண்களைப் பார்த்தால் போர்க்காலப் பறப்பு இரண்டு வருஷம்கூட இல்லை. அதற்குப் பிந்தைய பறப்பு முப்பது வருஷத்துக்கு மேல்.

1946-ல் படையிலிருந்து விலகி மறுபடி ஷெல்லில் சேர்ந்தார். இந்த முறை மேஜையோடு ஒரு சிறு விமானமும் கிடைத்தது. கம்பெனி வேலையாகத் தானே ஓட்டிக்கொண்டு நாடு நாடாகப் போனார். பல பயணங்களில் தெல்மாவும் கூட இருந்தார். ஷெல்லின் விமானப் பிரிவுக்கே நிர்வாக இயக்குநரானார். 1969-ல் ஓய்வு பெற்றபோது, ஓட்டிக்கொண்டிருந்த பீச்கிராஃப்ட் ட்ராவல் ஏர் என்ற இரட்டை இன்ஜின் சிறு விமானத்தை நிறுவனம் அவருக்கே பரிசாகக் கொடுத்துவிட்டது.

போகும் ஊர்களில் கால் இழந்தவர்களைப் பார்க்கப் போவது வழக்கமானது. முக்கியமாகக் குழந்தைகளை. பரிதாபம் காட்டமாட்டார். எழுந்து நட என்று கிட்டத்தட்ட அதட்டுவார். அவரே செயற்கைக் காலோடு நிற்பதால் அந்த அதட்டலை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைக்காக 1976-ல் சர் பட்டம் கிடைத்தது.

இன்னொரு செய்தி அதிகம் பேசப்படாதது. 1972 முதல் 1978 வரை பிரிட்டன் சிவில் விமான ஆணையத்தின் வாரியத்தில் இருந்தார். விமானிகள் தொடர்ந்து எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம், எவ்வளவு ஓய்வு வேண்டும் என்று ஆராய்ந்த குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்தக் குழுவின் 1973 அறிக்கை, பிரிட்டனின் பணிநேர விதிகளுக்கு அடிப்படையானது. விதிமுறைப் புத்தகத்தால் வெளியே தள்ளப்பட்டவர், நாற்பது வருஷம் கழித்து அந்தப் புத்தகத்தின் ஒரு அத்தியாயத்தை எழுத உதவினார்.

கடைசியாக ஓட்டியது 1979 ஜூன் 4. வயது 69. பதிவேட்டில் மொத்தம் 5,744 மணி 25 நிமிடம். 1982 செப்டம்பர் 5-ம் தேதி, லண்டனில் ஒரு விருந்து முடிந்து காரில் திரும்பும்போது மாரடைப்பால் இறந்தார். வயது 72.

அவர் மகானா?

இல்லை. 1954-ல் பால் பிரிக்ஹில் எழுதிய புத்தகமும் 1956-ல் வந்த திரைப்படமும் அவரைப் பளபளவென்று காட்டின. நிஜத்தில் முன்கோபி, அதட்டல்காரர். போரில் பெரிய கூட்டமாகப் பறந்து தாக்க வேண்டும் என்ற அவர் வாதம் சரிதானா என்று ராணுவ வரலாற்றாசிரியர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள்.

கோல்டிட்ஸில் அவருக்கு உதவியாளராக இருந்தவர் அலெக்ஸ் ராஸ் என்ற மருத்துவப் பணியாளர். பாடரைப் படிக்கட்டில் முதுகில் சுமந்தவர். சிறை மாற்றத்தில் ராஸ் ஊர் திரும்ப ஒரு வாய்ப்பு வந்தபோது, தனக்கு ஆள் வேண்டும் என்று பாடர் மறுத்துவிட்டார். ராஸ் இன்னும் இரண்டு வருஷம் போலச் சிறையில் இருந்தார். தென்னாப்பிரிக்கா, ரொடீசியாவின் வெள்ளையர் ஆட்சிகளை ஆதரித்தும், குடியேறிகளை எதிர்த்தும் பேசியவர் பாடர்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், உரிமை என்பது நல்லவர்களுக்கு மட்டும் கொடுக்கும் பரிசு இல்லை. பாடரை விமானத்தில் ஏற்றியிருக்க வேண்டிய காரணம் அவருடைய குணம் இல்லை. அவருக்கு ஓட்டத் தெரியும் என்பது மட்டுமே.

இவர் ஒருவர்தானா?

இல்லை. சோவியத் விமானி அலெக்சி மரேசியேவ் 1942 ஏப்ரலில் வீழ்த்தப்பட்டு, 18 நாள் பனியில் ஊர்ந்து தன் பக்கம் வந்து சேர்ந்தார். இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டன. 1943 கோடையில் மறுபடி போர் விமானம் ஓட்டினார். பிரிட்டனிலேயே கொலின் ஹாட்கின்சன் என்பவரும் இரண்டு கால்களையும் இழந்து ஸ்பிட்ஃபயர் ஓட்டியிருக்கிறார்.

இந்தியரும் இந்த வரிசையில் உண்டு. ராவல்பிண்டியில் பிறந்த ஹர்தித் சிங் மாலிக், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் பிரிவில் தலைப்பாகையோடு பறந்த சீக்கியர். 1917 அக்டோபர் 26-ல் காலில் இரண்டு குண்டுகள் பாய்ந்தன. மருத்துவமனையிலிருந்து வந்து மறுபடி பறந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு கனடாவில் இந்தியத் தூதர், அடுத்து பிரான்ஸில் தூதர். குண்டுகள் கடைசிவரை காலுக்குள்ளேயே இருந்தன.

திரும்பிப் பறக்க முடியாத திருவனந்தபுரத்துக்காரர்

எல்லாரும் திரும்பிவிட முடியாது. இதையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பாதிப் பொய்யாகிவிடும்.

விழிஞ்ஞம் இருக்கும் அதே மாவட்டத்தில், வடக்கே சிறயின்கீழ். அந்த ஊர்க்காரர் எம்.பி. அனில் குமார். கழக்கூட்டம் சைனிக் பள்ளி, தேசிய பாதுகாப்பு அகாடமி, அப்புறம் இந்திய விமானப்படையில் மிக்-21 விமானி. 1988 ஜூன் 28-ம் தேதி பதான்கோட்டில் மோட்டார் சைக்கிள் விபத்து. கழுத்தெலும்பில் அடி. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலற்றுப் போனது. வயது 24.

பாடருக்குப் போனது கால்கள். அனில் குமாருக்குப் போனது மூளைக்கும் கைகால்களுக்கும் இடையிலான இணைப்பு. பெடலை மாற்றினாலும், பிரேக்கை மாற்றினாலும் அவரால் விமானம் ஓட்ட முடியாது. புணே அருகே கட்கியில் முடக்குவாத மறுவாழ்வு மையத்தில் வாழ்ந்தார். வாயில் பேனாவைக் கவ்வி எழுதக் கற்றார், பிறகு வாயில் குச்சியைக் கவ்விக் கணினியில் தட்டினார். வானிலிருந்து சக்கர நாற்காலிக்கு வந்ததைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பள்ளிப் பாடமானது. பாதுகாப்பு விவகாரங்களில் தொடர்ந்து எழுதினார். 2014 மே 20-ல் இறந்தார்.

மன உறுதியில் பாடருக்கு இவர் ஒரு துளியும் குறைந்தவர் இல்லை. அதனால் அடுத்த முறை யாராவது ஒரு மாற்றுத்திறனாளியிடம், மனசு வைத்தால் முடியாதது இல்லை என்று அறிவுரை சொன்னால், கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். மனசு எல்லாருக்கும் இருக்கிறது. எந்த உடம்பு, எந்த இயந்திரம், எந்த விதி என்ற மூன்றும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. இதில் உடம்பை மாற்ற முடியாது. மற்ற இரண்டையும் மாற்றலாம்.

இயந்திரமும் விதியும் எவ்வளவு மாறியிருக்கின்றன?

இயந்திரம் நிறையவே மாறியிருக்கிறது. சில சிறு விமானங்களில் சுக்கான் பெடலோடு ஒரு தடியை இணைத்து, கையால் தள்ளி இழுக்கும்படி செய்ய முடிகிறது. இடுப்புக்குக் கீழே செயலற்றவர்களும் அதை வைத்து ஓட்டுகிறார்கள். 1937-ல் முதன்முதலாகப் பறந்த எர்கூப் என்ற அமெரிக்க விமானத்தில், சுக்கானை ஸ்டியரிங்கோடேயே இணைத்துவிட்டதால் பெடலே தேவைப்படவில்லை. கைகளே இல்லாமல் பிறந்த ஜெசிகா காக்ஸ், அந்த ரக விமானத்தைக் கால்களால் ஓட்டி 2008-ல் உரிமம் வாங்கினார்.

விதியும் மாறியிருக்கிறது. அமெரிக்காவில், நிலையான ஒரு குறைபாடு இருப்பவர் விமானத்தில் ஏறி ஓட்டிக் காட்டினால், திறன் நிரூபிக்கப்பட்டது என்று தனிச் சான்று கொடுக்கும் முறை இருக்கிறது. பிரிட்டனில் பாடரின் நினைவாக 1983-ல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம், மாற்றுத்திறனாளிகளுக்குச் சிறு விமானம் ஓட்டப் பயிற்சி தருகிறது.

இந்தியாவில் உரிமம் தருவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ. சொந்தமாகப் பறக்க இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, சம்பளத்துக்கு ஓட்ட முதல் வகுப்பு. இந்தியாவும் உறுப்பினராக இருக்கும் சர்வதேச சிவில் விமான அமைப்பின் விதிகளிலேயே ஒரு ஜன்னல் இருக்கிறது. மருத்துவ அளவுகோலுக்குப் பொருந்தாதவரையும், பாதுகாப்புக்குக் கேடு வராது என்று நிபுணர்கள் முடிவு செய்தால், அவருடைய திறமை, அனுபவத்தைப் பார்த்து அனுமதிக்கலாம் என்பது அதன் சாரம். 1933-ல் பாடருக்கு இல்லாத வரி அதுதான்.

பயணிகள் விமானத்துக்கும் சொந்தச் சிறு விமானத்துக்கும் அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கானவர்களை ஏற்றிப் போகிறவரிடம் கடுமையாகக் கேட்பது நியாயம். ஆனால் கடுமையான கேள்வி வேறு, தவறான கேள்வி வேறு.

இதற்கு விழிஞ்ஞத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. புதிய துறைமுகத்தின் யார்டு கிரேன்களை இயக்க உச்சியில் இருக்கும் கூண்டுக்கு ஏற வேண்டியதில்லை. கட்டுப்பாட்டு அறையில் திரை முன்னால் உட்கார்ந்தே இயக்கலாம். அப்படி இயக்குகிறவர்களில் அந்தக் கடற்கரைப் பெண்களும் இருக்கிறார்கள். கிரேன் வேலை அவர்களுக்கு ஒத்துவராது என்று காலங்காலமாகச் சொன்னது, உண்மையில் அந்தக் கூண்டைப் பற்றிய கதை.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். செயற்கைக் கால் விமானி ஓட்டும் விமானத்தில் ஏறலாமா? அவருக்குக் கால் இருக்கிறதா என்று பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த விமானத்தில் பிரேக் எங்கே இருக்கிறது, அதை ஓட்டிக் காட்டி அவர் தேறினாரா என்று கேளுங்கள். தேறியிருந்தால் ஏறுங்கள். 1932-ல் விமானப்படையிடம் அந்தப் பதில் இருந்தது. அதை நம்ப அவர்களுக்கு ஒரு உலகப் போர் தேவைப்பட்டது.